தீபிகா சிரித்த படம்

2025 மே 11, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய்விட்டோம். நான், தீபிகா, கலைவாணன். கல்லூரியில் மூன்று பேரும் ஒரே வகுப்பு. கலை இப்போது இன்ஸ்டாகிராமில் பட்டுப்புடவை விற்கப் பேஜ் ஆரம்பித்திருக்கிறான். "நாலு படம் எடுத்துக் குடு கிரேஸு, உனக்கு அது ஒரு வேலையா" என்று ஒரு வாரமாக நச்சரிப்பு. இன்றைக்குக் கல்யாண ஆர்டர் எதுவும் இல்லை. தூங்கியிருக்கலாம். போனேன். சிநேகிதனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

புடவை கட்ட ஆள் வேண்டுமென்று தீபிகாவை நான்தான் கூப்பிட்டேன். பேங்க் பரீட்சை வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தாமலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அரக்குப் புடவை, கிளிப்பச்சைக் கரை. கட்டும்போதே சொல்லிவிட்டாள். "என் மூஞ்சி வராம எடுடி. அடுத்த மாசம் நிச்சயம் வெச்சிருக்காங்க. எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடுவான்."

முதுகு, பின்னல், முந்தானை, கை. நாற்பது படம் இருக்கும். கடைசியில் கலை பாசிப் படியில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தான். தீபிகா திரும்பிச் சிரித்தாள். என் விரல் அழுத்திவிட்டது. வெயில் சரியாக அவள் கன்னத்தில் விழுந்த நேரம். எட்டு வருஷமாகக் கேமரா பிடிக்கிறேன், இப்படி ஒன்று வந்ததில்லை.

"ஐயோ, அத்த அழிச்சிடு."

"அழிக்கறேன்."

அழிக்கவில்லை. கலைக்கு அனுப்பும்போது அந்த ஒன்றை ஒதுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். அவனும் பார்க்கட்டுமே, நான் எப்படி எடுத்திருக்கிறேன் என்று.

ஜூன் 3, செவ்வாய்

கலையின் பேஜில் முதுகுப் படங்கள் வந்திருக்கின்றன. என் பெயர் இல்லை. மறந்திருப்பான்.

ஜூன் 27, வெள்ளி

தீபிகாவுக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை ஆற்காடு பக்கம். என்னைக் கூப்பிடவில்லை. "ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்கடி, தப்பா நெனச்சிக்காத" என்றாள். எதற்கு நினைக்கப் போகிறேன்? காலனிப் பெண் கேமராவோடு வந்தால் வாசலில் சேர் போடுவார்கள். விருந்தாளியாக வந்தால்தான் அவர்களுக்கு எந்த இலையில் உட்கார வைப்பது என்று குழப்பம்.

ஜூலை 19, சனி

வாலாஜாபாத் ரோட்டில் பிரேக் அடித்ததில் வண்டியோடு விழப் பார்த்தேன். முப்பதடி உயர விளம்பரப் போர்டில் தீபிகா சிரிக்கிறாள்.

குளத்தைக் காணோம். பின்னால் கல்யாண மேடை. நெற்றியில் சுட்டி, கழுத்தில் மாலை, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது. பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை. உலகத்தில் எங்கேயும் பிறக்காத ஒருவன். அவன் கை அவள் தோள்மேல். ஆவணி முகூர்த்தத்துக்கு வேலாயுதம் கடைப் பட்டு வாங்கச் சொல்லி இரண்டு பேரும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். போர்டு அச்சடித்தவனின் போன் நம்பர்கூட மூலையில் இருக்கிறது. என் பெயர் இல்லை.

முதலில் என்ன தோன்றியது எனக்கு? இங்கேயாவது உண்மையை எழுது. தீபிகா தோன்றவில்லை. என் பெயர் இல்லை என்பதுதான்.

ரோட்டோரத்தில் இருந்து ஜல்லிக்கல் எடுத்து எறிந்தேன். எட்டவில்லை. இன்னொன்று. அதுவும் எட்டவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கலை வேலாயுதம் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். விளம்பரம் எல்லாம் அவன் பொறுப்பாம். என் படத்தைக் காட்டித்தான் சேர்ந்திருக்கிறான். கடைக்கே போனேன்.

"நீ எடுத்தன்னு சொன்னியா?"

"நான் சொல்லல. அவங்களா நெனச்சிக்கினாங்க."

"தீபிகாவ ஒரு வார்த்த கேட்டியாடா?"

"நீ கேட்டியா? எனக்கு அனுப்பினது யாரு? ஃப்ரீயாதானம்மா குடுத்த, இப்ப இன்னாத்துக்குக் குதிக்கிற?"

மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளை என் கைக்கு வந்துவிட்டது. எறிந்தேன். அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் சிதறியது. புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அலறினார்கள். அவன் தலைக்கே குறி வைத்தேனா? குறி தவறியது, அதனால்தான் தப்பினான் என்று இப்போது தோன்றுகிறது. வாட்ச்மேன் என்னைத் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளினார்.

வந்து உட்கார்ந்து போர்டையும் அசல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு போட்டேன். 'திருட்டு. இந்தப் படத்தை எடுத்தது நான். கிரேஸ் சிட்டிபாபு.' அப்பா பெயரோடு.

ஜூலை 21, திங்கள்

எண்ணூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள்! முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எனக்காகச் சண்டை போடுகிறார்கள். கடையின் பேஜில் ஏறித் திட்டுகிறார்கள். 'என்ன ஒரு படம்' என்று சென்னையில் இருந்து ஒரு பெரிய போட்டோகிராஃபர் எழுதியிருக்கிறார்.

தீபிகா ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். பதில் போட்டுக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. நாளைக்குப் பேச வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

இடது கை. எழுத்து கோணல். பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவில் தனியாக இருந்தேன். தீபிகாவின் அண்ணன் லோகேஸ்வரன் வந்தான். கூட இரண்டு பேர். ஒருவன் வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினான். லோகேஸ்வரன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். என் பதிவு.

"மாப்ள வூட்ல போன் பண்ணிக் கேக்கறானுங்க, உங்க பொண்ணுக்கு இது எத்தினாவது கல்யாணம்னு. எங்க வூட்டுப் பொண்ணு மூஞ்சிய ரோட்ல மாட்டி விக்கிறியா? காலனி நாய்க்கு அவ்ளோ ஆயிடுச்சா?"

"நான் விக்கல. கலைதான்—"

"அவன கேட்டுட்டுதான் வரேன். கிரேஸுதான் தானா கொண்டாந்து குடுத்துச்சுங்கறான்."

போர்டில் இல்லாத என் பெயரை அங்கே மட்டும் சொல்லியிருக்கிறான்.

இரண்டு கேமராவையும் தரையில் அடித்தார்கள். லைட், கம்ப்யூட்டர், சுவரில் இருந்த ஃபிரேம் எல்லாம். நான் லோகேஸ்வரன் கையைக் கடித்தேன். ரத்தம் வருகிற வரைக்கும் விடவில்லை. என் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினான். அப்புறம் கேட்டான் — கத்தவில்லை, சாதாரணமாகக் கேட்டான் — "எந்தக் கைல எடுத்த?"

வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் என் வலது கையை மேசைமேல் விரித்துப் பிடித்தார்கள். ட்ரைபாடால் அடித்தான். மூன்று அடி. முதல் அடியில் சத்தம் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது.

மூன்றாவது அடிக்கு அம்மா சோற்றுக் கேரியரோடு ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தாள். எங்கம்மா மரியம்மாள், பல்லிக்குக்கூடப் பயப்படுகிறவள், கொதிக்கிற குழம்பை அவன் முகத்தில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் காலிப் பாத்திரத்தாலேயே அடித்தாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடியபோதும் பின்னாலேயே ஓடினாள்.

மூன்று விரல் உடைந்திருக்கிறது. கம்பி வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரல் முன்னைப்போல மடங்காது என்று டாக்டர் சொன்னார்.

ஜூலை 25, வெள்ளி

தீபிகா இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். மேல் மாடி.

லோகேஸ்வரன் என்னிடம் வருவதற்கு முன்னால் அவளை அடித்துப்போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான். திங்கட்கிழமையே. வண்டிச் செயினால். புருவத்தில் இருந்து கன்னம் வரைக்கும் தையல். அவளுடைய அம்மா குறுக்கே விழுந்து தடுத்ததில் அவளுக்கும் அடி. ஏழு தடவை என்னைக் கூப்பிட்டது, அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவன் கதவை உடைத்துக்கொண்டிருந்தபோது.

ஏழு தடவை.

மேலே ஏறிப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். "தீபி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 26, சனி

வேலாயுதமே வந்தார். வெள்ளை வேட்டி, பை நிறையச் சாத்துக்குடி. "நம்ம ஊர் பொண்ணு நீ. கேஸுல கடை பேர் வேணாம்மா. அடுத்த போர்டுல உன் பேரப் பெருசா போட்டுடச் சொல்றேன்."

ஒரு வாரத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் இவர் காலில் விழுந்திருப்பேன். அதை நினைத்தபோதுதான் வெறி வந்தது.

"இப்ப இருக்கிற போர்டு?"

"அது ஆவணி முடிஞ்சா தானா இறங்கிடும்மா."

சாத்துக்குடியை எடுத்து எறிந்தேன். இடது கையால். மூக்குக் கண்ணாடி உடைந்து மூக்கில் இருந்து ரத்தம் வந்தது. இன்னொன்று எடுப்பதற்குள் நர்ஸ் ஓடி வந்து கையைப் பிடித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லோகேஸ்வரனுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ? 

பதிவை அழித்துவிட்டேன். எண்ணூறு பேர் பகிர்ந்ததை எங்கே போய் அழிப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

போர்டு இன்னும் இருக்கிறது. மழையில் நனைந்தும் சாயம் போகவில்லை.

கலையைக் கடை வாசலில் பிடித்தேன். ஹெல்மெட்டால் முதுகில் ஒன்று வைத்தேன். ஓடவில்லை. இரண்டாவது அடிக்கும் நின்றான். அழுதுகொண்டிருந்தான். "லோகேஷு கத்திய வெச்சிக்கினு கேட்டான் கிரேஸு. உன் பேர சொல்லிட்டேன். பயத்துல சொல்லிட்டேன்."

"வண்டிய எடு."

போர்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். ஸ்டூடியோவில் பேப்பர் வெட்டுகிற பிளேடைக் கொடுத்தேன். "ஏறு."

"விழுந்துடுவேன்."

"விழு."

நல்ல வெயில். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பாதியில் இரும்பைக் கட்டிக்கொண்டு, "முடியல கிரேஸு" என்று கத்தினான். நான் ஹெல்மெட்டை ஓங்கிக் காட்டினேன். ஏறினான். மேலிருந்து கீழே ஒரே கோடாகக் கிழித்தான். அந்தப் பிறக்காத மாப்பிள்ளை முதலில் தொங்கினான். அப்புறம் மொத்தமும் பெரிய சத்தத்தோடு என் மேலேயே வந்து விழுந்தது.

அதற்குள் மாட்டிக்கொண்டு சிறிது நேரம் எழுந்திருக்க முடியவில்லை. பெட்ரோல் வாடை மாதிரி ஒரு வாடை. வெளியே வந்தபோது தீபிகாவின் கண் மட்டுமே என் உயரத்துக்கு ரோட்டோரத்தில் கிடந்தது. லாரி ஏறுவதற்குள் இழுத்தேன். யார் கையிலும் கிடைக்கக் கூடாது என்று முகத்தைத் துண்டு துண்டாக வெட்டினேன். கலையும் உட்கார்ந்து வெட்டினான்.  வேலையை விட்டுவிடுகிறேன் என்று கிளம்பும்போது சொன்னான். விட்டால் விடு, எனக்கென்ன.

செப்டம்பர் 3, புதன்

ஸ்டேஷனில் தீபிகாவைப் பார்த்தேன். ஊரில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு சமாதானமாகப் போகச் சொன்னார்களாம். அவள் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து அண்ணன்மேல் எழுதிக் கொடுத்தாள். தலையில் முக்காடு இல்லை. தையல் போட்ட இடம் எல்லாருக்கும் தெரிகிறபடி உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். "இந்தப் படம் வெளிய எப்படிம்மா போச்சு?"

தீபிகா என்னைக் கை காட்டினாள். "இவதான் குடுத்தா. அழிச்சிடுன்னு சொன்ன படம். அழிக்கறேன்னா. அழிக்கல. அப்பறம் அவ பேர் வரலன்னு ஊருக்கெல்லாம் காட்டினா."

"உண்மையாம்மா?"

"உண்மைதாங்க மேடம். அப்டியே எழுதிக்கங்க."

எழுதினார்கள். கீழே இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கலையும் வேலாயுதமும் என்ன செய்தார்கள் என்பதும் அதே தாளில் இருக்கிறது. அவர்களுக்கு மேலே என் பெயர்.

செப்டம்பர் 9, செவ்வாய்

லோகேஸ்வரனை உள்ளே வைத்துவிட்டார்கள். கூட வந்த இரண்டு பேரையும். அம்மா கேட்டுவிட்டு, "குழம்பு ஊத்தினதுக்கு என்னையும் புடிப்பாங்களா?" என்றாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன், வயிறு வலிக்கிற வரைக்கும். அப்புறம் அது அழுகையாகிவிட்டது.

2026 ஜனவரி 24, சனி

பத்து மணிக்கு ஒரு பெண் பாஸ்போர்ட் சைஸ் வேண்டும் என்று வந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். தீபிகா.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாளாம். ஐடி கார்டுக்குப் படம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் ஸ்டூடியோ இல்லையா என்ற கேள்வி வாய் வரை வந்தது. ஸ்டூலைக் காட்டினேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். தவணையில் வாங்கிய கேமராவை நான் நடுவிரலால்தான் இப்போது அழுத்துகிறேன். அவள் அதைப் பார்த்தாள்.  நேராகக் கேமராவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

திரையில் படம் வந்ததும், "தழும்பு தெரியுது. லேசா எடுத்துடவா?" என்றேன்.

"வேணாம். இருக்கட்டும்."

எட்டுப் பிரதி போட்டு வெட்டினேன். அதற்குள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஃபைல அழி."

அழித்தேன். கேமரா கார்டில் இருந்தும். காலியான திரையை அவளுக்குத் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

படங்களைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் போனாள். நின்றாள். கவரைத் திறந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது உனக்கு. வெச்சிக்கோ" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாவுது."

போய்விட்டாள். படம் என் பர்ஸில் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை.