சாயம் பூச மறுத்த என் மாமனாருக்கு

என்னைச் சிரிக்க வைக்கப் படாத பாடு பட்ட என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போனபோது பெய்த பனி வாசலில் இன்னும் முழுதாகக் கரையவில்லை. அதற்குள் லண்டன் பத்திரிகைக்காரர்கள் உங்கள் கதையை எழுதி முடித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்தையே சிரிக்க வைத்தவராம். பிடிவாதத்தால் சினிமா வாழ்வைத் தானே கெடுத்துக்கொண்டு, கனடாவில் மகன் வீட்டில் ஒதுங்கிக் கிடந்தவராம். என் கணவர் டேவிட் அதை வாசித்துவிட்டு மடித்து மேஜைமேல் வைத்தார். என்னால் அப்படி மடித்து வைக்க முடியவில்லை.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். இது மாண்ட்ரியல் தமிழ் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் மலரில் வரப்போகிறது. உங்கள் அந்த ஒரு படத்தைப் பார்த்து, வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து சிரித்த நம்மவர்களும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

நீங்கள் யார் என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தில் துணி ஆலைத் தொழிலாளியின் மகன். குள்ளம், காது பெரிசு. பள்ளிக்கூடத்தில் அடி விழும் முன்பே நீங்களாகக் கீழே விழுந்து அடிக்க வந்தவனைச் சிரிக்க வைத்துத் தப்பித்தவர். அதையே தொழிலாக்கிக்கொண்டீர்கள். திருவிழாக் கூடாரங்களில் விழுந்தீர்கள், போர்க்காலத்தில் சிப்பாய்கள் முன்னால் லாரிமேல் ஏறி நின்று விழுந்தீர்கள். பிறகு சினிமா. வீட்டுக்காரி அம்மாவுக்குப் பயந்து சத்தமில்லாமல் சூப் குடிக்கப் பார்க்கும் வாடகைக்காரன், திருடனைத் துரத்தித் தானே கால்வாயில் விழும் போலீஸ்காரன். நல்ல படங்கள் மாமா. ஆனால் உங்களைப் பெரிய நட்சத்திரமாக்கியது அவை அல்ல. முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, தலையை ஆட்டி ஆட்டி, நீங்கள் நடித்த அந்த இந்திய டாக்டர்.

"பயப்படாதீங்க துரை, கொஞ்சமாத்தான் சாவீங்க."

இந்த ஒரு வசனம் இங்கிலாந்து முழுக்கப் பரவி, கடல் தாண்டி மாண்ட்ரியலுக்கும் வந்தது. அறுபதுகளின் கடைசியில் அப்பா, பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியராக எங்களை இங்கே கூட்டி வந்தார். நான் மருத்துவம் படித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டோடு வார்டுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் தலையை ஆட்டி அந்த வசனத்தைச் சொல்வார். நோயாளி மட்டுமா? எனக்குப் பாடம் எடுத்த பெரிய டாக்டரும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் உதட்டை விரித்து வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

டோர்வல் விமான நிலையத்தில் வேலை பார்த்த டேவிட்டோடு நான் பழகிய நாளில், அவருடைய அப்பா நடிகர் என்று மட்டும்தான் தெரியும். எந்தப் படம் என்று கேட்டேன். சொன்னார். உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எழுந்து மெட்ரோவுக்குப் போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்து, "அவரை நீயே கேட்டுக்கோ. அடுத்த மாசம் வர்றார்" என்றார். அதே டாக்டர் வேஷம், இந்தத் தடவை கனடாப் பனியில். அதன் படப்பிடிப்புக்காகத்தான் நீங்கள் மாண்ட்ரியல் வந்தீர்கள். வாய்ப்பில்லாமல் சில வருஷம் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்த மறுவாழ்வு அது.

வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் சாப்பிட வந்த நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு சூடாகிறது. இருமல் வந்தது போலவும், ரசம் மூக்கில் ஏறியது போலவும் என்னென்னவோ செய்து காட்டினீர்கள். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்பா உங்கள் எதிரிலேயே தமிழில் சொன்னார்.

"கூத்தாடி வீட்டுலயா பொண்ணு குடுக்கறது? அதுவும் நம்மள நக்கல் பண்ணிப் பேர் வாங்கின ஆளு."

"நக்கலுக்கு நான் கேட்டுக்கறேன்ப்பா. கூத்தாடின்னு சொல்றத நீங்க விடுங்க. அதுவும் நக்கல்தான்."

என்ன சொல்கிறார் என்று கேட்டீர்கள். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். நீங்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "சரியாத்தான் சொல்றார். ஆடறதுதான் என் தொழில்" என்றீர்கள். நாம் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் உங்கள் குரல் இப்போது எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

"நீங்க எந்த இந்திய டாக்டரையாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இப்பதான் பாக்கறேன். அது வேஷம்தானேம்மா. போலீஸ்காரனாவும் நடிச்சிருக்கேன். எந்தப் போலீஸ்காரனும் கோவிச்சுக்கல."

"போலீஸ்காரன் வீட்டுக்குப் போனா சட்டையைக் கழட்டிடலாம். நான் எதைக் கழட்டறது?"

நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். அவ்வளவுதான், இந்தக் கல்யாணம் நடக்காது என்று அப்பா நிம்மதியாகத் தூங்கப் போனார்.

வாழ்நாள் முழுக்க விழுந்தே சம்பாதித்த நீங்கள் அந்த வாரம் நிஜமாகவே விழுந்தீர்கள். தெருமுனை டெப்பனேர் கடை வாசலில் பனிக்கட்டி வழுக்கி மணிக்கட்டு உடைந்து, எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே வந்து சேர்ந்தீர்கள். நான்தான் டியூட்டி. மாவுக்கட்டு போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆளுக்கு நெற்றியில் தையல் போடப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்ட ஆரம்பித்தார். வசனத்தைச் சொன்னார். நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதோடு விடவில்லை. உங்கள் பக்கம் திரும்பி, "அந்தப் படம் பாத்திருக்கீங்களா? பாருங்க. வயிறு வலிக்கச் சிரிப்பீங்க" என்றார். உங்கள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துத்தான் சொன்னார். சாயம் இல்லாத உங்களை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தையல் போட்டு முடித்தேன். டேவிட் வந்து உங்களைக் கூட்டிப்போனார். அப்போது மனதில் என்ன ஓடியது மாமா? எத்தனையோ முறை கேட்க நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன்.

அடுத்து படப்பிடிப்பில் நடந்ததை டேவிட் கூடவே இருந்து பார்த்தார். மேக்கப்காரர் சாயக் கிண்ணத்தைத் திறந்ததும் நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். "டாக்டர் இருக்கட்டும், சாயம் வேண்டாம். வழுக்கி விழற இங்கிலீஷ் டாக்டரா நடிக்கிறேன். ஜனங்க விழறதுக்குத்தான் சிரிப்பாங்க, நிறத்துக்கு இல்ல" என்றீர்கள். தயாரிப்பாளர் முதலில் தட்டிக்கொடுத்தார், பிறகு கத்தினார், கடைசியில் ஒப்பந்தத்தைக் காட்டினார். மாவுக்கட்டுக் கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு நீங்கள் வெளியே நடந்தீர்கள். அந்த வேஷத்துக்கு வேறொருவரைப் போட்டுப் படத்தை எடுத்தார்கள். கிழவன் மூளையை ஒரு இந்தியப் பெண் கெடுத்துவிட்டாள் என்று லண்டனில் எழுதினார்கள். அதற்குப் பிறகு உங்களைத் தேடி ஒரு படமும் வரவில்லை.

நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தீர்கள். வாசலில் நின்று அப்பாவிடம், "இனிமே நான் கூத்தாடி இல்லை. வேலை போயிடுச்சு. இப்பவாவது பொண்ணு குடுப்பீங்களா?" என்றீர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தேன். அப்பா கதவை அகலத் திறந்தார்.

அந்தப் படத்தை நான் மன்னிக்கவில்லை மாமா. இன்றைக்கும் இல்லை. உங்களை மன்னித்தேனா என்று நீங்களும் கேட்டதில்லை. கல்யாணமாகி நாங்கள் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வீடு எடுத்ததும் கீழ் அறை உங்களுடையதாயிற்று. முதியோர் இல்லங்களிலும் சர்ச் ஹால்களிலும் ஓட்டை பிரெஞ்சில் பேசி, விழுந்து, சிரிக்க வைத்தீர்கள். ஒதுங்கிக் கிடந்தாராம். சனிக்கிழமைகளில் ஒருநாள்கூட நீங்கள் வீட்டில் இருந்ததில்லையே.

ஒருமுறை நிகழ்ச்சிக்குப் போக நீங்கள் சூட்கேஸை அடுக்கும்போது கேட்டேன், "வருத்தமா இருக்கா மாமா?"

"தினமும் வருத்தம்தான். கேமரா முன்னாடி நிக்கணும்னு கை கால் துடிக்குது. அதுக்காக மறுபடி பூசிக்குவேன்னு நெனைக்காதே."

இதைப் போய்ப் பிடிவாதத்தால் கெட்டார் என்று எழுதுகிறார்கள். பிடிவாதம்தான். யார் இல்லையென்றது?

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு நீங்கள் தவிர எல்லோரும் கூடியிருந்தபோது, அப்பாவின் நண்பர், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த தமிழ் டாக்டர், "உங்க சம்பந்தி அந்தக் கோமாளி நடிகர்தானே?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "ஆமா, நடிகர்தான். உங்க வெள்ளைக்கார மேலதிகாரி என் பொண்ணப் பாத்துத் தலைய ஆட்டினப்போ நீங்க கூடச் சேர்ந்து சிரிச்சீங்க. இவர் இருக்கிற பொழப்பையே விட்டுட்டு வந்தார். எனக்கு இந்தச் சம்பந்தம் போதும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று எங்களுக்குத் தடையும் போட்டார். இப்போது மீறிவிட்டேன்.

போன வாரம் லண்டன் டி.வி. கம்பெனி ஒன்றிலிருந்து போன். உங்கள் நினைவாக அந்த டாக்டர் படத்தைப் போடுகிறார்களாம். அதற்கு முன்னால் மகன் நாலு வார்த்தை பேசவேண்டுமாம். டேவிட் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் படத்துல எங்க அப்பா முகமே இல்லை. நான் வரமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.  உங்கள் பிள்ளைதான் மாமா, சந்தேகமே வேண்டாம்.

படம் அவர்களுடையது, போடுவார்கள். நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. அந்த வாடகைக்காரன் படத்தின் பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை வில்லரேயில் ஒரு ஹாலில் போடுகிறோம். அப்பா ஊரெல்லாம் போன் போட்டுக் கூப்பிடுகிறார். புரொஜெக்டர் தூக்க ஆள் வேண்டுமென்று டேவிட்டோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பியைக் கேட்டேன். "ஓம் அக்கா, வேலை முடிஞ்சு நேர வாறன்" என்றான். மீனாவை முதல் வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து உங்கள் பேத்தி வாயில் பிரெஞ்சு தவிர வேறு வருவதில்லை. தாத்தா எங்கே என்பதையும் பிரெஞ்சில்தான் கேட்கிறாள்.

லண்டனில் உங்களைத் தோற்றவர் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதட்டும். ஒவ்வொரு தடவையும் நான் பதில் எழுதுவேன். எனக்குப் பிறகு மீனா எழுதுவாள். தமிழ் வராவிட்டால் பிரெஞ்சில் எழுதட்டும். இது வாக்கு மாமா.

உங்கள் மருமகள்,
டாக்டர் ரேவதி