நீதிபதியின் இரண்டு பிறந்தநாள்

4 அக்டோபர் 1980
மூலக்குளத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியையே சிரிக்க வைத்தேன். நம்மூரிலிருந்து மதராஸ் ஐகோர்ட்டுக்கு நீதிபதியாகப் போன காசிலிங்கம் அண்ணன் கதைதான். நகராட்சியில் என் பொறுப்பிலிருக்கும் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் அவர் 1918. கடலூர்ப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் 1920. "ஐகோர்ட்டால ஆகாதத அவங்கப்பா ரெண்டு சேவக்கோழியில முடிச்சிட்டாரு. வாத்தியாருக்குச் சேவல், புள்ளைக்கு ரெண்டு வயசு கம்மி!" எதிர் இலையிலிருந்த இராமதாஸ் மட்டும் சிரிக்காமல், "எந்த மாசம்?" என்றான். நவம்பர் பதினாறு என்று தேதியோடு சொன்னேன். ஞாபகசக்தியைக் காட்ட வேண்டாமா?

14 அக்டோபர்
இராமதாஸ் அந்தப் பிறப்புப் பதிவின் நகல் கேட்டு மனுவோடு வந்தான். அண்ணன் தீர்ப்பில் நிலத்தைத் தோற்றவனாம். எனக்கு இன்றுதான் தெரியும். "குமாஸ்தாவுக்குக்கூட சர்வீஸ நீட்டிப்பாங்க சார். ஐகோர்ட்டு ஜட்ஜுக்கு அறுபத்திரண்டு வயசுன்னா அதோட சரி, ஒங்க பதிவேட்டுப்படி அது அடுத்த மாசம். அரசியல் சட்டம்." மறுக்க வழியில்லை. நானே எழுதி முத்திரை வைத்தேன். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது, சனியன்.

29 அக்டோபர்
அண்ணன் மனைவி கமலவேணி அண்ணி வீட்டுக்கு வந்தார். வயதைக் கேட்டு டெல்லியிலிருந்து கடிதமாம். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னு இருந்தோம் தம்பி. யாரு இந்த வேலையப் பண்ணது?"
தெரியாது என்றேன்.
அவர் படியிறங்கியதும் என் மனைவி செல்வாம்பாள்: "ஒங்க வாயிதான?"

10 நவம்பர்
அண்ணனே அலுவலகம் வந்தார். பதிவேட்டில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். நான்தான்னு சொல்லுடா, இப்பவாவது சொல்லித் தொலைடா — சொன்னேனா? வேறொன்றைச் சொன்னேன். "அண்ணே, இது ஒங்களுக்கு முன்ன பொறந்து செத்த புள்ள, அதே பேர ஒங்களுக்கும் வச்சிட்டாங்கன்னு சொல்லிடலாம்."
சிரித்துவிட்டார். "வயசு வழக்குல இதே கதைய எத்தினி பேரு எங்கிட்ட சொல்லியிருக்காங்க தெரியுமா? எல்லாம் தள்ளுபடி."
குடியரசுத் தலைவர் விசாரித்து முடிவு சொல்லும்வரை பதவியில் இருக்கலாம். இருக்கமாட்டாராம். "சட்டம் குடுக்காத நாள்ல ஒக்காந்து எழுதுனா அது தீர்ப்பாடா?"

15 நவம்பர்
விலகிவிட்டார்.

8 பிப்ரவரி 1981
அண்ணனும் அண்ணியும் மதராஸை விட்டு நம்மூர் உப்பளம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்பு வாசலில் நின்ற கார்களில் ஒன்றுகூட இப்போது வருவதில்லை. நான் ஞாயிறுதோறும் போகிறேன். இன்றும் ஊர்வம்பு பேசி அண்ணனுக்குப் புரையேறும்வரை சிரிக்க வைத்தேன். அண்ணி என் தட்டில் இன்னொரு வடையை வைத்து, "எங்கள மறக்காம வர்றது நீ ஒருத்தன்தான் தம்பி" என்றார்.
அந்த வடையையும் தின்றேன்.