அரை நூல் மிதப்பு

மதினி, நேற்று மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரைப் பெட்டியைப் பிரித்து, அட்டையை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையைப் போட மறந்தே போனேன். மடிப்பைப் பெருவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், செய்தவனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடுவேன். இவனுக்குத் தெரியவில்லை. மடித்த இடமெல்லாம் அட்டை வெடித்துக் கிடந்தது. "நம்ம பெட்டி இப்படி வெடிக்குமா மதினி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. உங்களிடம் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

நாடு சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கடலாடிப் பக்கம் இருந்த மிளகாய்க் காட்டை விற்று, ராமநாதபுரத்தில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் அண்ணன் அட்டைப்பெட்டி வெட்டுகிற டிரெடில் மிஷின் போட்டார். காலால் மிதிக்க மிதிக்க இரண்டு இரும்புப் பலகைகள் வாய் போலத் திறந்து மூடும். ஒன்றில் டை இருக்கும், அதாவது பெட்டியின் அளவுக்குக் கத்திகளைப் பதித்த மரக்கட்டை. எதிர்ப் பலகையில் அட்டையை வைத்தால், மூடும்போது வெட்டு விழும். வெட்டின அட்டை சில நேரம் கத்திகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். அதை எடுக்கக் கையை உள்ளே விட்டுத்தான் அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது.

கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சொன்ன முதல் பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். "இரும்புக் கடையில போட்டுருவோம். இந்த வீட்டுல இன்னொரு விரல் போகக் கூடாது."

காடும் இல்லை, மிஷினும் இல்லை என்றால் மூன்று பேரும் கூலிக்குத்தான் போக வேண்டும். அப்போதுதான் நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னீர்கள்: "ராமேஸ்வரத்து சங்குக் கடைப் பெட்டி தை அமாவாசைக்குள்ள குடுக்கணும். நான் ஓட்டுறேன். என் கை ஒரு தடவை உள்ள போச்சுன்னா அன்னைக்கே வித்துருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "கை உள்ள போகாம பாத்துக்கிறது இவ பொறுப்பு" என்றீர்கள். அடியாத்தி, என் பொறுப்பா! கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து அண்ணன் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவள் நான். ஊரே ஒருமாதிரி பார்த்த என்னை நம்பி உங்கள் பத்து விரலையும் கொடுத்தீர்கள்.

அட்டை சிக்காமல் இருக்கக் கத்தி ஓரமாக மெத்தை ஒட்ட வேண்டும். மூடும்போது அது அமுங்கும், திறக்கும்போது எழும்பி அட்டையைத் தள்ளிவிடும். முதலில் சைக்கிள் டியூப்பை அடுக்கி ஒட்டினேன். அமுங்கியது, எழும்பவில்லை. பிறகு செருப்பு ரப்பர். அது அமுங்கவே இல்லை, அதனால் வெட்டே விழவில்லை. வலைக்குக் கட்டுகிற மிதப்பு லேசாக இருக்குமே என்று யோசித்து, ரயிலேறி மண்டபத்துக்குப் போனேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இது மரக்கட்டை ஆத்தா. மிதக்கும், அமுங்குமா?"

ஆனால் கோழிக் கூண்டின் மேல் கிடந்த ஒரு வளையத்தை எடுத்துக் காட்டினார். கடலில் விழுந்தவர் பிடித்து மிதக்கக் கப்பலில் வைத்திருப்பார்களே, அது, கரை ஒதுங்கியது. கிழிந்த துணிக்குள் அத்தனையும் தக்கை. பெருவிரலால் அமுக்கினேன். உள்ளே போனது, உடனே திரும்பி வந்தது. நான் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் ஓடிப்போனது. "எடுத்துக்கிட்டுப் போ ஆத்தா" என்று கொடுத்துவிட்டார்.

வாசலிலேயே நின்றிருந்தீர்கள். "மிதப்பு கெடைச்சுச்சா?"

"கெடைச்சிருச்சு மதினி."

"அதுதான் ஒனக்குப் பொறக்கையிலயே இருக்கே!"

தக்கையைச் சீவிச் சீவி, கத்திக்கு மேல் அரை நூல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, நிற்கிற மாதிரி வஜ்ஜிரம் போட்டு ஒட்டினேன். கத்தி ஓரத்தோடு நான் நிறுத்தவில்லை, என் மிதப்பில் மடிப்புத் தகட்டின் ஓரத்திலும் இறுக்கி ஒட்டிவிட்டேன். மடிப்புத் தகடு வெட்டாது. முனை மழுங்கியது, கத்தியைவிடக் கொஞ்சம் குட்டை, அட்டையில் தடம் மட்டும் போடும். ஓட்டிப் பார்த்தோம். அட்டை அழகாகக் கழன்று வந்தது. மடித்தால் படக்கென்று வெடித்தது. நீங்கள் வெடித்த இடத்தையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "வெட்டுற எடத்துல தள்ளி விடணும், மடிக்கிற எடத்துல சும்மா விடணும்." என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்குமா? "அப்ப நீங்களே ஒட்டிக்கங்க" என்று உளியைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

கோபம் தணிந்து வந்து பார்த்தால், நீங்கள் கத்திகளுக்கு நடுவே நகத்தால் தக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. "கையை எடுங்க மொதல்ல!" என்று அதட்டி டையைப் பிடுங்கிக்கொண்டேன். தகட்டை விட்டுத் தக்கையைத் தள்ளி ஒட்டினேன். தகடு இறங்குவதற்கு எதிர்ப் பலகையில் தாள் ஒட்டி ஒரு பள்ளம் விடுவோமே, அதன் அகலத்துக்கு வழி சொன்னது நீங்கள்தான். தகட்டின் இரண்டு பக்கமும் அதே அட்டையில் ஒவ்வொரு துண்டு வைத்து, "இம்புட்டுத்தான் அகலம்" என்றீர்கள். அதற்குப் பிறகு வந்த எந்த அளவுகோலும் எனக்கு அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் முக்காலியைப் போட்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டையை அவர் பார்க்கவே இல்லை, உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் வாய் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அட்டை கத்தியை விட்டு விலகி, எதிர்ப் பலகையிலேயே நின்றது. ஓரத்தைப் பிடித்து எடுத்தால் போதும். அரைக் கட்டு அட்டை ஓடியிருக்கும். அண்ணன் கீழே குனிந்து ஒன்றை எடுத்தார். அடிபட்ட கையாலேயே எடுத்தார். மிச்சமிருந்த மூன்று விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். நாலு பக்கமும் எழும்பி நின்றது, மூடியின் நாக்கு தானாக உள்ளே போனது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நான் மடிக்கிறேன், நீங்க ஓட்டுங்க" என்றார். நீங்கள் மிதிப்பதை நிறுத்தாமலே அழுதீர்கள். நானும்தான். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போன சங்குப் பெட்டி அத்தனையும் அவர் கை மடித்தது.

பிறகு பெரிய மிஷின் வந்தது, கடையில் விற்கிற ரப்பர் வந்தது, ஆட்கள் வந்தார்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் மெத்தையை அமுக்கிப் பார்க்காமல் ஒருவரையும் மிஷின் தொட விட்டதில்லை நான். வாயாடி, மிதப்புப் பிடித்தவள் என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும். எனக்கு அந்த மிதப்பு உண்டு, மதினி.

உங்களைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசின அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நான் உங்கள் இரண்டு கையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலை எண்ணினேன். பத்தும் இருந்தது.