ஏரிக்கரையில் என் காவல்

14 டிசம்பர் 1907, சனிக்கிழமை இரவு. எனக்கு வயது அறுபத்தொன்றும் நான்கு மாதமும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இந்தத் தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, குழந்தைகள் இருவரோடும் பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் போவதென்று என் தம்பி மகன் சாமுவேல் இன்று சாப்பிடும்போது முடிவு செய்துவிட்டான்.

“நாங்க ரெண்டு பேரும் படகுல ஒரு சுத்து வந்துடறோம், அத்தை. நீங்க கரையில பசங்களைப் பாத்துக்குங்க,” என்றான்.

“அதை இன்னாத்துக்கு அவங்களுக்குச் சொல்றீங்க? அவங்க கண்ணுக்குத் தப்பி எறும்புகூடப் போவாது,” என்று அவன் மனைவி ரூத் சிரித்தாள்.

சர்வகலாசாலைப் பரீட்சை தேறிய என்னிடம் இவர்களுக்கு அளவற்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் இந்த வீட்டில் சோறு உண்கிறேன். சரியென்று தலையாட்டிவிட்டேன். மூன்று வயது எஸ்தரோ தண்ணீரைக் கண்டால் நில்லாதவள்.

இங்கே எப்படியோ சமாளித்துவந்தேன். சுரங்கத்துச் சங்கு ஷிப்டுக்கு ஷிப்டு ஊதி மணி சொல்லிவிடுகிறது. ஒற்றை அறைக்குள் குழந்தைகளைக் குரலால் அறிகிறேன். ஏரியில் விழும் குழந்தை குரல் கொடுக்காது.

நாளை ஆலயத்திலிருந்து திரும்பியதும் சொல்லிவிட வேண்டும். அதற்குப்பின் என்னை மூலையில் உட்காரவைத்து மரியாதை செய்வார்கள். இரண்டு வருடமாகக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எனக்கு எல்லாம் வெறும் புகை.