எடை மெஷின் முள்ளைத் திருப்பியது யார்?

என்னங்க,

அடுப்பில் காய்கறி சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள். சாவி ஜன்னலோரம்.

கால் முறிந்து படுத்தபோது ஏறிய என் எடை, திரும்ப நடைப்பயிற்சி தொடங்கிய வாரமே இறங்கிவிட்டதாம், நம் மெஷின் சொன்னது. நேற்று நீங்களும் "அடேயப்பா, இளைச்சுட்டியே!" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து வாய் திறந்து பாராட்டாத மனிதர்! அப்போதே சந்தேகம் தட்டியது. இன்று காலை பார்த்தால், யாரும் ஏறாமலே எடை மெஷினின் முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கிறது. நீங்கள் பார்த்த வேலைதானே?

எடை குறையவில்லை என்றால் போன தடவை மாதிரி மனசு விட்டுப்போய் நடப்பதை நிறுத்திவிடுவேன் என்று பயந்தீர்களாக்கும். மெஷினின் திருகாணியைத் திருப்பி முள்ளைச் சரிசெய்து ஏறிப் பார்த்தேன். கொஞ்சமும் குறையவில்லை. அழுகை வந்தது. ஆனாலும் நடக்கத்தான் போயிருக்கிறேன்.

பி.கு.: இனி அந்தத் திருகாணியைத் தொடாதீர்கள். நிஜமாகவே அக்கறை இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்கு வாருங்கள். மெதுவாகத்தான் நடப்பேன்.