சூளைக்கு ஸ்தோத்திரம் இல்லை

ஆகஸ்ட், மூன்றாம் ஞாயிறு

இன்று சபையில் நான் சாட்சி சொன்னேன். அயனம்பாக்கத்துத் தகரக் கூரை சபைதான், இருந்தும் கையில் மைக் கொடுத்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் வாங்கிய முன்பணத்துக்காக ஆறு வருஷம் செங்கல் சூளையில் அடைபட்டுக் கிடந்து மீண்டு வந்ததைச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் வழக்கம்போல எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அம்மா சாவுக்குக்கூட முதலாளி என்னை அனுப்பவில்லை என்றேன். அதற்கும் "ஸ்தோத்திரம்"!

சுருக்கென்றது. நிறுத்திவிட்டேன்.

பாஸ்டர் எடுத்துக்கொடுத்தார். "சொல்லும்மா. அந்தச் சூளையில வெச்சதுக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லு."

"அதுக்கு இன்னாத்துக்கு பாஸ்டர்? என்னை அங்க வெச்சது மொதலாளி. பைபிள்ல, எகிப்துல அடிமையா செங்கல் அறுத்தவங்க கடலைத் தாண்டி வந்ததுக்குத்தான் பாடுனாங்க. கல் அறுத்ததுக்கா பாடுனாங்க?"

சூளையில் முதலாளி அடித்தும் விடாமல் நான் பாடிய பாட்டையே எடுத்தேன். ஆண்டவர் அங்கேயும் என்னோடு இருந்தார், அதற்குத்தான் அந்தப் பாட்டு. அம்மா விஷயத்தில் மட்டும் அவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

பாஸ்டர் கை தட்டவில்லை. பின்வரிசைப் பெண்கள் தட்டினார்கள்.

வரும் வழியில் வீட்டுக்காரர் பயந்தார். "பாஸ்டரு இனிமே உன் கையில மைக்கு குடுக்க மாட்டாரு, பாரு."

சூளையில் மைக் வைத்துக்கொண்டா பாடினேன்?