துடக்கு நாளில் ஒரு வாக்கெடுப்பு

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஜெர்மனியின் எசன் நகரில் காலையிலிருந்து தூறல். வாடகை அறையில் எங்கள் தமிழ் மன்றத்து வருஷாந்தப் பொதுக்கூட்டம். சிவம் அண்ணையின் இடத்தில் இனி நான் தலைவர். உயர்ந்த கைகள் போதுமானவை. எதிர்ப்பு இல்லை. பேசாமல் இருந்தவர்கள்தான் அதிகம்.

சிவம் அண்ணை வரவில்லை. மனைவி செத்து இரண்டு கிழமை ஆகவில்லை, துடக்கு, சாவுத் தீட்டு. விளக்கேற்றித் தொடங்கும் கூட்டத்துக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அவர் வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும். அதனால்தான், செயலாளராக, கூட்டத்தை இன்று வைத்தேன்.

நிர்மலா அக்கா மட்டும் கேட்டா: "ஒரு வீட்டில துடக்கு இருக்கேக்க நாங்கள் ஒருநாளும் கூட்டம் வைக்கிறேல்லையே, மாஸ்டர்?"

"எங்க எழுதியிருக்கு, அக்கா?"

எங்கேயும் இல்லைத்தான். மன்றத்துக்கு யாப்பே, எழுதிய சட்டவிதியே கிடையாது, பதிவும் கிடையாது. தொடங்கிய நாளிலிருந்து வழக்கத்தில் ஓடுகிறது. அக்கா கதிரையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டுப் போனா.

ஒக்டோபர் 13, திங்கள்

வேலை செய்யும் கிடங்கில் பார்சல் ஏற்றி முதுகு பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு அரசியல் படிப்பித்தவன் நான்.

என் பக்கத்து நியாயங்கள்:
– எத்தனையோ வருஷமாக அவரே தலைவர்.
– எனக்கு எப்போதும் நன்றியுரைதான். அதுவும் சனம் சாப்பாட்டுக்கு எழும்பின பிறகு.
– "மாஸ்டர்" என்று அவர் கூப்பிடும்போது அந்தச் சிரிப்பு.

எழுதிப் பார்த்தால் சின்னப்பிள்ளைக் கோபம். வெட்டவில்லை.

சாப்பாட்டு மேசையில் என் மனைவி வசந்தி: "என்ர இரண்டு பிள்ளைப்பேறுக்கும் சிவம் அண்ணையின்ர மனிசிதான் பத்தியத்துக்குச் சரக்குக்கறி காய்ச்சிக் கொண்டுவந்தவ. நினைவிருக்கோ?"

வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன். காலநிலை அறிக்கை.

ஒக்டோபர் 18, சனி

வெயில், ஆனால் குளிர். தலைவரானதும் செய்த முதல் வேலை, என் உரையை நானே போட்டுக்கொண்டது. தலைப்பு: பிரித்தானியாவின் அரசியல் யாப்பு.

குறிப்பு: எழுத்தே இல்லை என்பது பிழை. ஒரே ஆவணமாகத் தொகுக்கவில்லை, அவ்வளவுதான். சட்டங்கள், தீர்ப்புகள், மரபுகள் என்று சிதறிக் கிடக்கும். நாடாளுமன்றம் மேலானது. சாதாரணப் பெரும்பான்மை போதும், எதையும் மாற்றலாம். நெகிழ்வு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமூலத்துக்கு அரசர் ஒப்புதல் மறுக்கலாம், ஆனால் மறுப்பதில்லை. மரபை மீறியவனை நீதிமன்றத்துக்கு இழுக்க ஏலாது. அப்படியானால் தண்டனை?

பேனை அங்கேயே நின்றுவிட்டது. வகுப்பில் வழக்கமாக என்ன சொல்வேன்: மீறக்கூடியவன் மீறாமல் இருப்பதுதான் அந்த யாப்பு, வெட்கம் போனால் யாப்பும் போச்சு.

ஜெர்மன்காரர் பட்டுத் தெளிந்தவர்கள். வெட்கத்தை நம்பாமல் எழுதி வைத்தார்கள். சில அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் தொட ஏலாது.

பால், வெங்காயம் வாங்க மறந்தேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

உரை. பாதிக் கதிரை வெறுமை. நிர்மலா அக்கா வரவில்லை. எனக்காகக் கையுயர்த்திய கந்தையாவே எழும்பினான்.

"மாஸ்டர், அப்ப எங்கட மன்றமும் பிரித்தானியா மாதிரித்தானே?"

"ஓம், ஒரு வகையில."

"அப்ப அண்டைக்குத் துடக்கு நேரம் நாங்கள் செய்தது?"

"சட்டப்படி பிழையில்லை."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்களிட்டச் சட்டமே இல்லையே, மாஸ்டர்!" ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், முகம் எரிந்தது.

"இனி எல்லாத்தையும் எழுதி வையுங்கோ. ஒருத்தரையும் நம்ப ஏலாது" என்றான் கந்தையா. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் என்றால் நான்தான்.

பதவியை விட்டுவிட வேண்டும். யாரிடம் சொல்வது?

ஒக்டோபர் 29, புதன்

சிவம் அண்ணையின் தொலைபேசி. எடுக்காமல் விடப் பார்த்தேன். வசந்தி எடுத்துத் தந்தா.

"தலைவர், சனிக்கிழமை அந்தியேட்டி. முதல் பந்தியில நீங்கள் இருக்கோணும். மன்றத்துத் தலைவருக்கு நேர சொல்லுறது எங்கட முறையெல்லோ."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று கவனித்தேன். இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வாறன் அண்ணை."

நவம்பர் 1, சனி

சகல புனிதர் திருநாள், விடுமுறை. கடைகள் பூட்டு. ட்ராமில் கல்லறைக்குப் போகும் ஜெர்மன் கிழவிகள், மடியில் சிவப்பு மெழுகுதிரிகள்.

மண்டபத்தில் முதல் பந்தி, முதல் கதிரை. மொட்டையடித்த தலையோடு மகன் இலை போட்டான். சிவம் அண்ணை தானே பரிமாறினார். சட்டைக் கழுத்துப் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவு மெலிந்துவிட்டார். குனிந்தபோது காதருகே சொன்னேன்:

"அண்ணை, நான் செய்தது பிழை. விடுறன். நீங்களே திரும்ப இருங்கோ."

அவர் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தார்.

"அது ஏலாது. பதவி ஏற்றவர் வருஷம் முடியமுன்னம் இறங்குறேல்லை. அது எங்கட வழக்கம்."

"எனக்காக ஒருக்கா…"

"உங்களுக்காக நான் வழக்கத்தை மீறுறதோ, தலைவர்?"

கத்தரிக்காய்க் கறியை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். வசந்தி தன் இலையைப் பார்த்தபடி இருந்தா. தலைவரான நான் கை வைக்கும்வரை அந்த வரிசையில் ஒருவரும் சாப்பிடத் தொடங்கவில்லை.